வீட்டு ரௌட்டரும் டேப்லெட்டும்

தமிழகத்தை விட்டு வெளியே வந்து வாழும் குடும்பங்களில், ஒரு காலத்தில் தபால்காரர் வரும் நேரமே நாளின் முக்கியமான நேரமாக இருந்தது. ஊரிலிருந்து ஒரு கார்டு வந்தால் அதை வீட்டிலுள்ள அனைவரும் படிப்பர். பிறகு அது கம்பியில் கோக்கப்பட்டுச் சுவரில் தொங்கும். லாலாகுடாவிலும் மெட்டுகுடாவிலும் ரயில்வே உத்தியோகத்தை நம்பி வந்து தங்கிய நம்மவர் இல்லங்களில் அக்கடிதக் கம்பியை அறியாத முதியோர் இரார். இன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது சிலேட்டளவான ஒரு கண்ணாடிப் பலகை. கடைக்காரர் அதனை டேப்லெட் என்கிறார். அச்சொல்லைக் கேட்டதும் வீட்டுப் பாட்டிமார் மருந்து டப்பாவைத் தேடுவது வியப்பன்று. தமிழில் பலகைக் கணினி என்று வழங்கும் இக்கருவியைப் பற்றியும், அது வீட்டு ரௌட்டரோடு இணைய மறுக்கும்போது செய்யத்தக்கவை பற்றியும் இம்மாதம் சிறிது விரிவாக எழுத விரும்புகிறோம்.

இஃது இளைஞர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, குழந்தைகளின் பாடத்திற்காகவே பல வீடுகளுக்குள் இக்கருவி நுழைந்தது. பள்ளிகள் திறந்தன, கருவி வீட்டிலேயே தங்கிவிட்டது. அதனைக் கொண்டு நம் குழந்தைகளுக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. தெலுங்கும் ஆங்கிலமும் ஹிந்தியும் பள்ளியில் கிடைத்துவிடுகின்றன. தமிழ் எழுத்து வீட்டில்தான் கிடைத்தாக வேண்டும். 2001-ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தோன்றி, இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று வழங்கும் அரசு நிறுவனம், வெளிநாட்டிலும் வெளிமாநிலங்களிலும் வாழும் தமிழர்க்கென்றே மழலைக் கல்வி முதற்கொண்டு பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. 1998-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் பலவற்றைக் காசின்றிப் படிக்கலாம். தாத்தாவின் காரியமும் உண்டு. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழை இணையவழியே அளிக்கும் ஜீவன் பிரமாண் திட்டம் 2014 நவம்பரில் வந்தது. 2021 நவம்பர் முதல் ஆண்ட்ராய்டு கருவியின் காமிராவில் முகத்தைக் காட்டியே அச்சான்றிதழைப் பெற வழி செய்யப்பட்டது. முழங்கால் வலியோடு பாங்கு வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவ்வளவுக்கும் பயன்படக்கூடிய கருவி பல வீடுகளில் பீரோவில் உறங்குகிறது. காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: “நெட் வரவில்லை.” தலைவலியையும் வயிற்றுவலியையும் ‘உடம்பு சரியில்லை’ என்ற ஒரே சொல்லால் வைத்தியரிடம் சொல்வது போன்றது இது. எங்கே வரவில்லை என்பதைக் கண்டறியாமலே கருவியைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் செல்கிறார்கள். பழுதில்லாத பொருளுக்குக் கூலி கொடுத்துத் திரும்புகிறார்கள்.

இணையம் நம் கைக்கு வருவது இரண்டு கட்டமான பிரயாணம். முதற்கட்டத்தில், சேவை நிறுவனத்தாரிடமிருந்து தெருக் கம்பத்தின் வழியாக ஒளியிழை ஒன்று வீட்டுக்குள் வந்து ரௌட்டரில் முடிகிறது. அவ்விழை தலைமயிரளவே தடித்த கண்ணாடி. அதனூடே ஒளித் துடிப்புகளாகச் செய்தி ஓடுகிறது. இரண்டாம் கட்டத்தில், ரௌட்டர் அச்செய்தியை வானொலி அலையாக மாற்றி வீட்டுக்குள் பரப்புகிறது. டேப்லெட் அதைப் பிடிக்கிறது. இதற்கே வைஃபை என்று பெயர். கம்பியில்லாமல் மிக நுண்ணிய அலைகளை அனுப்பிக் காட்டியவர்களில் முன்னோடி நம் ஜகதீச சந்திர போஸ். 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அதைச் செய்து காட்டினார். ரேடியோப் பெட்டிக்கு ஆண்டுதோறும் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டிய நினைவுடையவர்கள், ‘இந்த அலைபரப்பிக்கு லைசென்ஸ் வேண்டாமா?’ என்று கேட்கலாம். வேண்டா. 2005-ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்துவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இடம் 2018 அக்டோபரில் மேலும் விரிவாக்கப்பட்டது.

இனிப் பழுது காணும் முறைக்கு வருவோம். இதற்கு வெளியிலிருந்து ஆசிரியர் வேண்டியதில்லை. 1893-ஆம் ஆண்டில், நிஜாமின் உத்தரவாத ரயில்வே காலத்தில் நிறுவப்பட்ட லாலாகுடாப் பட்டறையும் அதைச் சுற்றியுள்ள ரயில் உலகமும் கற்றுத் தந்த முறையே போதும். வாக்குவம் பிரேக் இருந்த நாட்களில், வண்டி புறப்பட வேண்டிய வேளையில் வாக்குவம் சேரவில்லையென்றால், பெட்டிகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகக் குடைந்துகொண்டிருக்க மாட்டார்கள். தொடரின் நடுவில் ஓரிடத்தில் ஹோஸ் குழாயைக் கழற்றி, அதன் வாயை டம்மியில் பொருத்தி அடைப்பார்கள். எஞ்சினை ஒட்டிய பாதியில் வாக்குவம் ஏறிவிட்டால் கசிவு பின்பாதியில், ஏறாவிட்டால் முன்பாதியில். பிறகு குறையுள்ள பாதியை மறுபடி பாதியாக்குவார்கள். இப்போது ஏர் பிரேக் வந்துவிட்டது. ஆயினும், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் எவரைக் கேட்டாலும் இம்முறையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

நம் தொடரில் நடுப்பெட்டி ரௌட்டர். டேப்லெட்டில் இணையப் பக்கம் திறக்கும் செயலியை எடுத்து, முகவரி எழுதும் இடத்தில் 192.168.1.1 என்று எண்களை அடியுங்கள். (சில ரௌட்டர்களில் இது 192.168.0.1 என இருக்கும்; அடிப்பாகத்து ஒட்டுத்தாளில் அச்சிட்டிருப்பார்கள்.) ரௌட்டரின் சொந்தப் பக்கம், பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுக்கொண்டு தோன்றினால், டேப்லெட்டுக்கும் ரௌட்டருக்கும் இடையே உறவு செவ்வனே இருக்கிறது, குறை வெளியே. வெளி இணைப்பு அறுந்திருந்தாலும் இப்பக்கம் தோன்றும் என்பதே இச்சோதனையின் சிறப்பு. தோன்றாவிட்டால் குறை வீட்டுக்குள்.

கைபேசியைக் கொண்டும் சோதிக்கலாம். ஆனால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கைபேசியில் சிம் கார்டின் டேட்டா ஓடிக்கொண்டிருந்தால், வைஃபையில் இணையம் இல்லாதபோது அது சத்தமின்றி அந்த வழிக்கு மாறிவிடும். ‘போனில் வருகிறதே, டேப்லெட்டில்தானே வரவில்லை’ என்று கருவியின் மீது பழி விழும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதித்தாலன்றி அச்சாட்சியம் செல்லாது.

குறை வீட்டுக்குள் என்று தெரிந்தால், பெரும்பாலும் கடவுச்சொல்லே குற்றவாளி. ஒட்டுத்தாளின் பொடி எழுத்தில் பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று என்ற எண்ணும் சிறிய எல் எழுத்தும் அவ்வாறே. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் உண்டு. முதலெழுத்தைக் கருவி தானாகவே பெரிதாக்கிவிடுவதும், தமிழ் விசைப்பலகை திறந்திருப்பதும் கூடுதல் தொல்லைகள். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் கண் போன்ற சிறு படம் இருக்கும். அதைத் தொட்டால் அடித்த எழுத்துகள் வெளிப்படையாகத் தெரியும். அதைப் பார்த்தபடி அடிப்பதே உத்தமம். யாரேனும் ரௌட்டரில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், டேப்லெட் பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கும். அமைப்புகள் பகுதியில் அந்த வலையின் பெயரைத் தொட்டு, ‘ஃபர்கெட்’ என்னும் கட்டளையைக் கொடுத்து மறக்கச் செய்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

வலையின் பெயரே பட்டியலில் தென்படாத சங்கடமும் உண்டு. இதற்கு முதற்காரணம் விமானப் பயண நிலை தவறுதலாகத் தொடப்பட்டிருத்தல். குழந்தைகள் விளையாடிய கருவியாயின் இதை முதலில் பாருங்கள். அடுத்தது அலைவரிசை. இக்காலத்து ரௌட்டர்கள் பல, 2.4 என்றும் 5 என்றும் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. சில வீடுகளில் பெயர்ப் பட்டியலில் ஒரு பெயரின் கடைசியில் ‘5ஜி’ என்று கூட ஒட்டியிருக்கும். இதற்கும் கைபேசி நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் 5ஜிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இங்கே அது 5 கிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம். அங்கே ஐந்தாம் தலைமுறை என்பதன் சுருக்கம். பெயரொற்றுமையால் எத்தனை வீண்செலவு! விலை மலிந்த அல்லது பழைய டேப்லெட்டுகள் சில 2.4-ஐ மட்டுமே கேட்கும் காதுடையவை. அவற்றுக்கு 5 என்ற பெயர் தென்படவே செய்யாது. இன்னொரு நுட்பம்: 2018-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3 என்னும் புதிய பூட்டை மட்டும் ரௌட்டரில் போட்டிருந்தால், அதற்கு முந்திய கருவிகளின் சாவி அதில் நுழையாது. டபிள்யூ.பி.ஏ.2, 3 இரண்டையும் ஏற்கும்படி ரௌட்டரில் மாற்றிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் வாழும் மகனோ மகளோ அனுப்பிய டேப்லெட் நம் வீடுகளில் சர்வசாதாரணம். அதில் ஒரு வேடிக்கை உண்டு. 2.4 அலைவரிசைக்குள் எண்ணிட்ட பாதைகள் பல இருக்கின்றன. அமெரிக்காவில் வழக்கில் உள்ளவை 1 முதல் 11 வரை. இந்தியாவில் 13 வரை செல்லலாம். இங்குள்ள ரௌட்டர் தானாகவே 12-ஆம் பாதையையோ 13-ஆம் பாதையையோ தேர்ந்துகொண்டால், அமெரிக்கக் கருவிகள் சிலவற்றுக்கு அது கண்ணில் படாது. நேற்று இருந்த வலை இன்று மாயமாய் மறைந்ததென்று வீட்டார் திகைப்பர். ரௌட்டரின் பக்கத்தில் பாதையை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக நிலைநிறுத்திவிட்டால் தீர்ந்தது.

நிற்க. ‘இணைந்தது, ஆனால் இணையம் இல்லை’ என்ற வாசகம் டேப்லெட்டில் தோன்றுமாயின், அது கருவியின் குற்றமன்று. உண்மையில் அது கருவி சொல்லும் நேர்மையான வாக்குமூலம். எழுந்து போய் ரௌட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஒளியிழை இணைப்புப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் அல்லது மினுக்கினால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கம்பத்தில் இழை அறுந்திருக்கலாம்; அணில் கடித்திருக்கலாம்; அல்லது வீட்டைப் பெருக்கும்போது இழை மடங்கியிருக்கலாம். மின்கம்பியைப் போல ஒளியிழையை இறுகச் சுருட்டி ஆணியில் மாட்டக் கூடாது. கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். மடிப்பை நீக்கியும் சிவப்பு மாறாவிட்டால், புகார் செய்துவிட்டுக் காத்திருப்பது தவிர வழியில்லை. கழன்ற இழையின் நுனியைக் கண்ணருகே வைத்து ‘ஒளி வருகிறதா’ என்று பார்க்க வேண்டா; அவ்வொளி கண்ணுக்குப் புலப்படாதது, தீங்கும் செய்யக்கூடும்.

சிவப்பு விளக்கு இல்லை, ஆனாலும் இணையம் இல்லையென்றால், ரௌட்டரின் மின்சாரத்தை நிறுத்தி அரை நிமிஷம் கழித்துப் போடுங்கள். பிறகு மூன்று நிமிஷம் பொறுங்கள். இப்பொறுமையின்மையால் கெடுவதே அதிகம். விளக்குகள் நிலைக்கு வருமுன் மறுபடி அணைத்து, மறுபடி போட்டு, மாமியார் ஒரு பக்கமும் மருமகள் ஒரு பக்கமுமாய்ப் பெட்டியை அலைக்கழிப்பதைக் காண்கிறோம்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்று: ரௌட்டரின் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை இருக்கும். அதனுள் இருக்கும் ரீசெட் பொத்தானை ஹேர்பின்னால் அழுத்தினால், கோளாறோடு கூடப் பெட்டியின் நினைவு முழுவதும் போய்விடும். சேவை நிறுவனத்தார் உள்ளே பதித்திருந்த பெயரும் கடவுச்சொல்லும் அழிந்தால், அவர்களுடைய ஆள் வந்தாலன்றிப் பல வீடுகளில் இணைப்பு மீளாது. மின்சாரத்தை நிறுத்திப் போடுதல் வேறு, ரீசெட் வேறு. முன்னது முகம் கழுவுவது. பின்னது பெயரையே மறப்பது.

பீரோவில் பல மாதம் உறங்கிய கருவிக்குத் தனிப்பட்ட நோய் ஒன்று உண்டு. பாட்டரி முற்றும் வடிந்தபின் அதன் கடிகாரம் பிசகி, பழைய ஆண்டு ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கும். இணையதளங்கள் தம் அடையாளச் சான்றிதழைக் காட்டும்போது கருவி தன் தேதியோடு ஒத்துப் பார்க்கிறது. தேதி தவறானால், ‘இத்தளம் பாதுகாப்பற்றது’ என்று எல்லாவற்றையும் மறுத்துவிடுகிறது. தேதியையும் நேரத்தையும் திருத்தினால் போதும். மிகப் பழைய ஐபேடுகளில் தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் திறவாமற் போவதுண்டு. பல தளங்களின் சான்றிதழுக்கு ஆதாரமாயிருந்த மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு காலாவதியானது. பத்தாம் பதிப்புக்கு முந்திய ஐ.ஓ.எஸ். கருவிகள் அதற்கு மாற்றாக வந்ததை அறியா. அத்தகைய கருவிக்கு ரௌட்டரை மாற்றியும் பயனில்லை.

வேகம் குறைவதைப் பற்றிச் சிறிது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமுடையது; ஆனால் சுவரைக் கண்டால் தளரும். 2.4 வேகத்தில் மட்டம். சுவரைத் துளைப்பதில் மேல். பழங்காலத்துக் கற்சுவர் வீடுகளில் கூடத்து ரௌட்டர் சமையலறைக்கு எட்டாமை இயல்பே. ரௌட்டரை இரும்புப் பீரோவின் பின்னாலும், தொலைக்காட்சிப் பெட்டியின் அடியிலும் ஒளித்து வைப்பது நம்மவர் வழக்கம். பார்வைக்கு அழகாக இல்லை என்பது காரணம். இரும்பு அலையைத் தடுக்கும். வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தால் பாதிக் குறை தீரும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.4 அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. அது சுழலும்போது அருகில் அமர்ந்து வகுப்புக் கேட்கும் குழந்தைக்கு ஆசிரியரின் குரல் விட்டுவிட்டு வருவது அதனால் இருக்கலாம். சுவரோடு சுவராக ஒட்டிய வீடுகளில் அனைவருடைய ரௌட்டரும் ஒரே பாதையில் கூச்சலிடுவதும் உண்டு. முன்சொன்ன மூன்று பாதைகளை அயலார் மூவரும் பேசிப் பங்கிட்டுக்கொள்வது, தண்ணீர்க் குழாயில் முறை வைத்துக்கொள்வதைக் காட்டிலும் எளிது.

மின்தடையின்போது இணையமும் போய்விடுகிறதென்றால், ரௌட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் ரௌட்டரின் அடாப்டரில் 9 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று படித்துச் செல்லவும். முனை பொருந்துகிறதே என்று வேறு வோல்ட் அடாப்டரைச் சொருகினால் பெட்டி பாழாகும்.

செகந்திராபாத் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது டேப்லெட்டைத் திறப்போர்க்கு ஒரு வார்த்தை. இந்திய ரயில் நிலையங்களில் வைஃபை வசதியை ரெயில்டெல் நிறுவனம் தருகிறது. தண்டவாளங்களை ஒட்டிப் புதைத்த ஒளியிழைகளே அதன் ஆதாரம். அதில் நுழையக் கைபேசி எண்ணைக் கேட்டு, அவ்வெண்ணுக்கு ஒரு முறைக்கான ரகசிய எண்ணை அனுப்புவார்கள். சிம் இல்லாத டேப்லெட்டுக்கு அது வராது. கைபேசியும் கையில் இருக்க வேண்டும். அத்தகைய பொது வலையில் பாங்குக் கணக்கைத் திறவாதிருத்தல் நன்று.

ரகசிய எண்ணைப் பற்றிப் பேச்சு வந்தபடியால், மிக முக்கியமான எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். இணையம் நின்றவுடன் பலர் கைபேசியில் ‘கஸ்டமர் கேர்’ எண்ணைத் தேடுகிறார்கள். அவ்வாறு கிடைக்கும் எண்களில் மோசடிக்காரர் விரித்து வைத்த வலையும் உண்டு. மறுமுனையில் பேசுபவர் மரியாதையாகவே பேசுவார். “ஐயா, ஒரு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், நாங்களே இங்கிருந்து சரி செய்கிறோம்” என்பார். அச்செயலி உங்கள் திரை முழுவதையும் அவருக்குக் காட்டிவிடும். பாங்கின் ரகசிய எண் உட்பட. முப்பது ஆண்டு ரயில்வேயில் உழைத்துச் சேர்த்த பணம் மூன்று நிமிஷத்தில் போகும். ரௌட்டரைப் பழுது பார்க்க உங்கள் பாங்கு எண்ணோ ஆதார் எண்ணோ ரகசிய எண்ணோ எவருக்கும் தேவையில்லை. புகார் எண்ணை மாதாந்தர ரசீதிலிருந்து மட்டுமே எடுங்கள். பணம் போய்விட்டதென்று தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

நவம்பர் பிறப்பதற்கு இன்னும் நாள் இருக்கும்போதே, 80 வயது நிறைந்தோராயின் அவர்களுக்கு வாசல் திறக்கும் அக்டோபருக்கு முன்னமேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பீரோவிலிருந்து டேப்லெட்டை வெளியே எடுங்கள். மின்னேற்றி, தேதியைச் சரிபார்த்து, வலையில் சேர்த்துப் பாருங்கள். ஒட்டுத்தாளிலுள்ள வலையின் பெயர், கடவுச்சொல், ரௌட்டரின் முகவரி, ரசீதிலுள்ள புகார் எண் ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிப் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். பேரனோ பேத்தியோ ஒரு முறை செய்து காட்டட்டும்; அடுத்த முறை அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, தாத்தாவே தம் விரலால் செய்து பார்க்கட்டும்.